அமெரிக்க வகுப்பறை – 11: படிக்கப்படாத பக்கங்கள்

டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் உள்ள பல்கலைக்கழகத்தில், 2021இல் இசைப் பேராசிரியர் ஒருவர் தம் மாணவர்களைச் சோதித்துப் பார்த்தார். வகுப்பின் சிலபஸில், விதிமுறைகளுக்கு நடுவே, ஒரு லாக்கரின் எண்ணையும் அதன் பூட்டைத் திறக்கும் எண்களையும் அடைப்புக்குறிக்குள் எழுதி, முதலில் வந்து எடுப்பவருக்கு இலவசம் என்றும் சேர்த்துவிட்டார். லாக்கருக்குள் 50 டாலர் நோட்டு. எழுபது பேருக்குக் குறையாத வகுப்பு அது. செமஸ்டர் முடிந்து டிசம்பரில் அவரே போய்த் திறந்தார். நோட்டு வைத்தது வைத்தபடி இருந்தது.

அது இசை வகுப்பு. நஷ்டம் 50 டாலரோடு போயிற்று. காலேஜ் அல்ஜீப்ரா வகுப்பில் அதே மாதிரிப் பக்கங்களைப் புரட்டாமல் விடுகிறவருக்குப் போவது ஒரு செமஸ்டர். சில நேரம் உதவித்தொகையும் சேர்ந்து போகும். விசாவில் வந்தவர் என்றால் அதற்கும் மேலே போகலாம்.

பாடம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. நேரியல் சமன்பாடு, இருபடிச் சமன்பாடு, சார்புகள், பல்லுறுப்புக்கோவை, அடுக்குக்குறி, மடக்கை. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகமே ‘உறவுகளும் சார்புகளும்’ என்றுதான் தொடங்குகிறது. பதினோராம் வகுப்பில் கணக்கை ஒழுங்காகப் படித்த பிள்ளை இதைத் தூக்கத்தில்கூடப் போட்டுவிடும். இதைச் சொல்லிவிட்டு அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரிப்பது நம்மவர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. சிரிக்கும் முன் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களையும் பார்க்க வேண்டும். நர்ஸ் ஆக நினைக்கும் முப்பது வயதுப் பெண், இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வரும் கிடங்குத் தொழிலாளி, பள்ளியை விட்டுப் பல வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். பட்டம் வேண்டுமானால் கணக்கில் ஒரு பாடமாவது தேற வேண்டும் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் விதி. கால்குலஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்களையும் நெடுங்காலம் இந்த ஒரே வாசல் வழியாகத்தான் அனுப்பினார்கள்.

நமக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. பெரிய பல்கலைக்கழகங்களில் இந்த வகுப்பைப் பல நேரம் நடத்துவது பேராசிரியர் அல்ல, டி.ஏ. எனப்படும் ஆராய்ச்சி மாணவர். சென்னையிலோ திருச்சியிலோ எம்.எஸ்சி. முடித்து ஆகஸ்டில் விமானம் இறங்கியவர், ஜெட்லாக் தீர்வதற்குள் முப்பது பேருக்கு முன்னால் நிற்பார். கணக்கு அவருக்குத் தண்ணி பட்ட பாடு. அவரைத் திணற வைப்பது கையில் கொடுக்கப்படும் சிலபஸ்தான். எட்டுப் பக்கம், பத்துப் பக்கம் போகும் அதில் பாடத்தலைப்புகள் அரைப் பக்கம் வந்தால் அதிகம். மீதியெல்லாம் விதி. யாருக்கு எப்போது எவ்வளவு மார்க், வராவிட்டால் என்ன, தாமதமானால் என்ன, யாரிடம் முறையிடுவது என்று எல்லாமே அதில் இருக்கும்.

மதிப்பெண் கணக்கு முதலில் வரும். மூன்று இடைத் தேர்வு, ஒரு இறுதித் தேர்வு, வீட்டுப்பாடம், குறுந்தேர்வு, ஒவ்வொன்றுக்கும் இத்தனை சதவீதம். 90க்கு மேல் ஏ, 80க்கு மேல் பி, 70க்கு மேல் சி என்பது பரவலான கோடு. அடுத்த கணக்குப் பாடத்துக்குப் போகப் பெரும்பாலும் சி வேண்டும். டி வாங்கினால் தேறியும் தேறாத நிலைதான். இந்தக் கோடுகள் முதல் நாளே எழுத்தில் இருப்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். இன்டர்னல் மார்க் எப்படி வந்தது என்று கேட்கத் தயங்கியே மூன்று வருடத்தைக் கழித்த நம் ஊர்ப் பட்டதாரிகளுக்கு இதன் அருமை தெரியும். சிலபஸ் சட்டப்படி ஒப்பந்தம் ஆகாது என்றுதான் அங்குள்ள நீதிமன்றங்கள் பொதுவாகச் சொல்லி வந்திருக்கின்றன. இருந்தாலும் கிரேடு பற்றி முறையிடும் மாணவர் முதலில் எடுத்து நீட்டுவது இந்தத் தாளைத்தான். எழுதியதை நடுவில் மாற்ற ஆசிரியருக்குத் தைரியம் வராது.

அடுத்தது உழைப்பின் கணக்கு. வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது அங்குள்ள கிரெடிட் முறையின் அடிப்படை. மூன்று கிரெடிட் அல்ஜீப்ரா வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் கேட்கிறது. முழுநேர மாணவர் நான்கு, ஐந்து பாடம் எடுப்பார். கூட்டிப் பார்த்தால் ஒரு முழுநேர வேலையின் அளவு வந்துவிடும். கம்யூனிட்டி காலேஜில் படிக்கும் பெரும்பாலோர் பகுதிநேர மாணவர்கள். ஏற்கெனவே ஒரு வேலையில் இருப்பவர்கள். அந்த ஒன்பது மணி நேரம் எங்கிருந்து வரும் என்று சிலபஸ் கேட்பதில்லை. படிப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத ஒருவரை மனதில் வைத்துத்தான் அது எழுதப்பட்டிருக்கிறது.

வீட்டுப்பாடம் இப்போது பெரும்பாலும் கணினியில். மைலேப், அலெக்ஸ், வெப்அசைன் என்று கம்பெனிகள் நடத்தும் தளத்தில் நுழையவே காசு கொடுத்து ஓர் அணுகல் குறியீடு வாங்க வேண்டும். வாங்காதவருக்கு வீட்டுப்பாட மார்க் பூஜ்யம். பாடத்தில் தோற்காமல் பர்ஸில் தோற்பவர்கள் உண்டு. இதற்கு மாற்றாக ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2015இல் ‘காலேஜ் அல்ஜீப்ரா’ என்ற முழுப் பாடநூலையே இலவசமாக வெளியிட்டது. யார் வேண்டுமானாலும், மதுரையில் இருந்தபடியும், இறக்கிக்கொள்ளலாம். கால்குலேட்டர் விதி இன்னும் நுணுக்கமானது. டிஐ-84 கொண்டுவரலாம், டிஐ-89 கூடாது என்று மாடல் எண்ணோடு போட்டிருப்பார்கள். காரணம் எளிது: 84 எண்களையும் வரைபடத்தையும் கையாளும், 89 இயற்கணிதத்தையே செய்துவிடும்.

கைபேசியைக் காட்டினால் சமன்பாட்டைப் படியெடுத்துப் படிப்படியாக விடை தரும் ஃபோட்டோமேத் செயலி 2014இலேயே வந்துவிட்டது. சாட்ஜிபிடி வந்து கட்டுரை எழுதும் வகுப்புகள் கலங்குவதற்கு எட்டு வருடம் முன்பே அல்ஜீப்ரா ஆசிரியர்கள் அந்தக் கலக்கத்தைப் பார்த்தாயிற்று. வீட்டுப்பாடத்தின் பங்கைக் குறைத்து, கண்ணெதிரே எழுதும் தேர்வின் பங்கைக் கூட்டியவர்கள் பலர். இணையவழித் தேர்வுக்கு முன் மாணவரின் அறையை கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்ன பழக்கத்துக்கு 2022இல் ஓர் அடி விழுந்தது. கிளீவ்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கில், அப்படிப் படுக்கையறையைக் காட்டச் சொன்னது அரசியல் சட்டத்துக்கு எதிரான சோதனை என்று மத்திய நீதிபதி தீர்ப்பளித்தார்.

தாமதத்துக்கு மன்னிப்பு இல்லை என்று கறாராக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே மிகக் குறைந்த இரண்டு வீட்டுப்பாட மார்க்கைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று எழுதுவார்கள். முரண்பாடு போலத் தெரியும். இதைப் போன்ற புத்திசாலித்தனமான விதி அந்தத் தாளில் வேறில்லை என்பேன். தேர்வு நெருங்கினால் மாணவர்களின் பாட்டிமார்கள் இறந்துபோவார்கள் என்பது அங்குள்ள ஆசிரியர்களின் பழைய கேலி. எந்தப் பாட்டி நிஜமாக இறந்தார் என்று விசாரிக்கும் வேலை ஆசிரியருக்கு வேண்டாம். துக்கத்துக்குச் சான்றிதழ் தேடும் அவமானம் மாணவருக்கும் வேண்டாம். 75 சதவீத வருகைக்காக மருத்துவச் சான்றிதழ் ‘தயாரிக்கும்’ நம் கல்லூரிகள் யோசிக்கலாம்.

1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் இன்னொரு பத்தியாக வரும். ஒருவர் மார்க்கை அவர் ஒப்புதல் இன்றி இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. பெயரோடு மார்க் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட முடியாது. அப்பா போன் செய்து கேட்டாலும் டி.ஏ. வாயைத் திறக்க மாட்டார். ஊனமுற்ற மாணவர்களுக்கான பத்தியும் கட்டாயம் இருக்கும். 1973, 1990ஆம் ஆண்டுச் சட்டங்களின் பயன் அது. கல்லூரியின் தனி அலுவலகம் தரும் கடிதத்தைக் காட்டினால், பலருக்குத் தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம் கிடைக்கும். என்ன குறை என்பது அந்தக் கடிதத்தில் இருக்காது. ஆசிரியர் கேட்கவும் மாட்டார்.

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம், பாடத்திலிருந்து விலகும் தேதிகள். செமஸ்டரின் முதல் சில நாளுக்குள் விலகினால் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு, கல்லூரிக்குக் கல்லூரி மாறும் ஒரு கடைசித் தேதி வரை விலகினால் சான்றிதழில் ‘டபிள்யூ’ என்று விழும். அது ஜி.பி.ஏ.வைத் தொடாது என்பதால் பலரும் நிம்மதியாக எடுத்துவிடுகிறார்கள். மத்திய அரசின் உதவித்தொகை விதி வேறு விதமாக எண்ணுகிறது: எடுத்த கிரெடிட்டில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்காவது முடித்திருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. டபிள்யூ என்பது எடுத்த கணக்கில் வரும், முடித்த கணக்கில் வராது. நாலைந்து டபிள்யூ சேர்ந்தால் ஒரு எஃப்கூட இல்லாமலே உதவி நின்றுவிடலாம். எஃப்-1 விசாவில் இளங்கலை படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு கத்தி. வழக்கமான செமஸ்டரில் 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்குவதானால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். பெறாமல் ஒரு பாடத்தை விட்டால் விசா நிலையே போய்விடும். கணக்கு வாத்தியாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

‘உன் வேலையை நீயே செய்’ என்ற நேர்மை விதிக்கு வருவோம். காப்பி அடிக்காதே என்றால் சரி. அதை ‘தனியாகப் படி’ என்று எடுத்துக்கொள்ளும் மாணவர்கள்தான் அடிபடுகிறார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் இதைக் கூர்ந்து கவனித்தார். கால்குலஸ் வகுப்பில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகம் தோற்கிறார்கள் என்பது கேள்வி. உழைப்பில்லை, வீட்டில் அக்கறையில்லை என்று சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். டிரைஸ்மன் மாணவர்களோடு போய் இருந்து பார்த்தார். கறுப்பின மாணவர்கள் உழைத்தார்கள், ஆனால் தனித்தனியே. சீன அமெரிக்க மாணவர்கள் கூடி உட்கார்ந்து, விடைகளை ஒப்பிட்டு, ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டார்கள். பின்தங்கியவர்களுக்குத் தனி டியூஷன் என்று வைக்காமல், கடினமான கணக்குகளைக் கூடிப் போடும் பட்டறைகளை அவர் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் வகுப்பில் முன்னேறினார்கள். முறை பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. சிலபஸில் சேர்ந்து படிப்பதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று நான் தேடிப் பார்ப்பது இதனால்தான்.

இத்தனை விதிகளும் வகுப்புக்குள் வந்தவருக்கு. வாசலிலேயே நிறுத்திய விதி ஒன்று இருந்தது. கல்லூரியில் சேர்ந்ததும் ஒரு தகுதித் தேர்வு. அதில் குறைந்தால், கிரெடிட் கிடைக்காத அடிப்படைக் கணக்கு வகுப்பு ஒன்று, இரண்டு, மூன்றுகூட முடித்துத்தான் காலேஜ் அல்ஜீப்ரா. கலிபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் சேர்ந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் ‘இன்னும் தயாராகவில்லை’ என்று முத்திரை குத்தப்பட்ட காலம் உண்டு. அந்தப் படிகளில் ஏறி முடித்தவர்கள் குறைவு. பாதியில் காணாமல் போனவர்களே மிகுதி.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று கம்யூனிட்டி காலேஜ்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். 2016இல் முடிவு வெளியாயிற்று. அடிப்படை அல்ஜீப்ராவுக்கு அனுப்பப்பட வேண்டிய மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை வழக்கமான அல்ஜீப்ராவிலும், இன்னொரு பகுதியினரை நேரே கல்லூரி அளவிலான புள்ளியியலிலும், வாராந்தரப் பட்டறையோடு, உட்கார வைத்தார்கள். அல்ஜீப்ராவில் தேறியவர்கள் 39 சதவீதம். புள்ளியியலில் 56.

கலிபோர்னியா 2017இல் சட்டமே போட்டது: தகுதித் தேர்வை வைத்து மாணவரை அடிப்படை வகுப்பில் தள்ளக் கூடாது, பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து நேரே கல்லூரிப் பாடத்தில் சேர்க்க வேண்டும், தேவையானால் கூடவே உதவி வகுப்பு வைக்கலாம். 2022இல் அதை இன்னும் இறுக்கினார்கள். தரம் போயிற்று என்று முணுமுணுக்கும் கணித ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பொறியியலுக்குப் போகிறவருக்கு இயற்கணிதம் பலமாக வேண்டும் என்ற அவர்கள் வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். நர்ஸிங் மாணவியைப் பல்லுறுப்புக்கோவையில் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியதால் எந்தத் தரம் உயர்ந்தது என்பதற்கு அவர்களிடமிருந்து பதில் வந்ததாகத் தெரியவில்லை.

வரும் ஆகஸ்டில் உங்கள் வீட்டுப் பிள்ளை அங்கே படிக்கவோ டி.ஏ.வாக நிற்கவோ போவதாக இருந்தால், அதுவரை காத்திருக்க வேண்டாம். டெக்சஸ் மாநிலம் 2009இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. அரசுக் கல்லூரிகள் இளங்கலைப் பாடங்களின் சிலபஸை இணையத்தில் வைக்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்கக் கூடாது. கல்லூரியின் முகப்புப் பக்கத்திலிருந்து மூன்று கிளிக்குக்குள் கிடைக்க வேண்டும். ஒரு காலேஜ் அல்ஜீப்ரா சிலபஸை இறக்கி, விலகும் தேதிகளில் தொடங்கி, பிள்ளையோடு சேர்ந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள்.

(தொடரும்)