எட்டாண்டுக் காத்திருப்பு

கடலூருக்கு வடக்கே தென்பெண்ணையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் புதுச்சேரி எல்லை. அங்கே பிறந்து கடலூரில் குடியேறியவர் என் மாமா. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. "இனி நானும் இந்தியன்" என்று மகிழ்ந்தார். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. ஆட்சி மாறுவது வேறு. குடியுரிமை மாறுவது வேறு. 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதனை ஏற்கும்வரை அவர் பிரெஞ்சுக் குடிமகனே. அல்ஜீரியப் போரிற் சிக்கிய அந்நாடு அதனை 1962 வரை தள்ளிவைத்தது. 1957, 1962 பொதுத்தேர்தல்களில் அண்டை வீட்டார் வாக்களிக்கச் சென்றனர். மாமா திண்ணையில் அமர்ந்திருந்தார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "என்ன மாப்பிள்ளை, பத்திரிகையில் ஏதேனும் வந்ததா?" என்பார்.

1962 ஆகஸ்டு 16-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அன்றே அவர் இந்தியரானார். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுவோர் ஆறு திங்களுக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும், வாளாவிருந்தோர் இந்தியரே. எட்டாண்டு காத்திருந்தவருக்கு, இறுதியிற் செய்யவேண்டியது ஒன்றுமில்லை என்பது சற்று ஏமாற்றந்தான்! பிரெஞ்சுப் படையிற் பணியாற்றிய அவருடைய தமையனாரோ எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரு நாட்டினராயினர். அடுத்த தீபாவளிக்கும் தமையனார் வழக்கம்போலப் பேருந்தேறிக் கடலூருக்கு வந்தார்.