உங்களுக்குத் தெரியுமா? தினம் ஒரு படம்!

"எனக்கு ஒரு கோடுகூட நேராகப் போட வராது" என்று சொல்பவரா நீங்கள்? நேர்கோட்டுக்கு ஸ்கேல் இருக்கிறது. படம் வரைய வேண்டியது நாள் தவறாத பழக்கம்தான். அதைப் பற்றிய சில சுவையான தகவல்கள்:

● காலையில் ஒரு சிங்கம்: ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய், 80 வயதைத் தாண்டிய பிறகு, 1842-43இல், தினமும் ஒரு சிங்கம் வரைவதை நேர்த்திக்கடன்போல வைத்திருந்தார். கெட்டது அண்டாமலிருக்க அவர் கண்ட வழி அது. தூரிகையால் விறுவிறுவென்று போட்ட படங்கள். ஒருநாள் நிஜச் சிங்கம், மறுநாள் சிங்க வேடமிட்டு ஆடும் மனிதன். அவற்றில் 200க்கும் மேற்பட்ட தாள்கள் இன்றும் பத்திரமாக உள்ளன.

● ஒருநாள் விட்டால் குடிமுழுகாது: புதிய பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்பார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010இல் வெளியிட்ட கணக்கு வேறு. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழக சராசரியாக 66 நாள் ஆகிறது. ஆளையும் செயலையும் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை போகலாம். இடையில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதே ஆய்வு கண்டதுதான். ஆகவே நேற்று வரையவில்லை என்பதற்காக நோட்டையே மூடி வைக்காதீர்கள்.

● 27 வயதில் அரிச்சுவடி: ஓவியராவது என்று வின்சென்ட் வான்கா முடிவெடுத்தது 1880இல், 27ஆம் வயதில். அதற்குமுன் படம் விற்கும் கடையில் வேலை பார்த்தார், பாடம் நடத்தினார், மதப் பிரசாரம் செய்தார். முடிவெடுத்ததும் அவர் செய்த முதல் வேலை, சார்ல் பார்க் தயாரித்த வரைகலைப் பயிற்சிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தது. 1890இல் இறப்பதற்குள் ஆயிரத்துக்கும் அதிகமான கோட்டோவியங்களைப் போட்டிருந்தார். வண்ண ஓவியங்கள் தனிக்கணக்கு.

● அடித்தல் திருத்தலில் பிறந்த ஓவியர்: கவிதைக் கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இணைத்து, பறவையாகவும் விநோத விலங்காகவும் மாற்றுவது ரவீந்திரநாத் தாகூரின் வழக்கம். அந்தக் கிறுக்கல்தான் அறுபது வயதுக்குப் பிறகு அவரை ஓவியராக்கியது. அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி 1930இல் பாரிஸில் நடந்தது. விட்டுச்சென்ற படங்கள் 2,000க்கும் மேல்.

● எட்டுப் பை கோட்டு: ஜெர்மன் ஓவியர் அடோல்ஃப் மென்செல், ஸ்கெட்ச் நோட்டுகளும் பென்சில்களும் வைத்துக்கொள்ள எட்டுப் பைகள் கொண்ட மேல்கோட்டு வைத்திருந்தார். இரண்டு கைகளாலும் வரைவார். கையெட்டும் தூரத்தில் நோட்டு இல்லாவிட்டால் பழக்கம் வராது என்பதை நன்றாக அறிந்தவர். நமக்குச் சட்டைப்பையில் அடங்கும் ஒரு குட்டி நோட்டு போதும்.

● அஞ்சலட்டை அளவு போதும்: சாந்திநிகேதன் ஓவியர் நந்தலால் போஸ், போகுமிடமெல்லாம் சிறிய அட்டைகளில் கண்டதை வரைந்து, மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் அஞ்சலில் அனுப்புவார். இந்திய அரசியல் சாசனத்தின் மூலப் பிரதியை மாணவர்களோடு சேர்ந்து அலங்கரித்ததும் இவர்தான். பெரிய தாளைப் பார்த்தால் கை நடுங்குகிறவர்கள் அஞ்சலட்டையிலிருந்து தொடங்கலாம்.

● கல்லின் முன்னால் அமர்ந்தவர்: ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காக ஓவியர் சில்பி, கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களின் எதிரே உட்கார்ந்து நேரில் பார்த்து வரைந்தார். ஆண்டுக்கணக்கில் நீடித்த உழைப்பு. பார்த்து வரைவதற்குச் சிற்பத்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை. அது அசையாது, எத்தனை மணி நேரமானாலும் அலுத்துக்கொள்ளாது, ஒளி நிழலையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கும். உங்கள் ஊர்க் கோயில் தூணிலும் ஒரு யாளி காத்திருக்கும்.

● வலக்கை போனால் இடக்கை: விகடன் வாசகர்களின் செல்ல ஓவியர் கோபுலு. பக்கவாதத்தால் வலக்கை ஒத்துழைக்க மறுத்தபோது, இடக்கையைப் பழக்கி மீண்டும் வரைந்தார்.

● 45 நிமிட நிம்மதி: மன அழுத்தத்தின்போது உடலில் ஏறுவது கார்டிசால் என்னும் ஹார்மோன். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் விருப்பம்போல் கலைப்படைப்பில் ஈடுபட வைத்து, முன்னும் பின்னும் உமிழ்நீரைச் சோதித்தார்கள். நான்கில் மூவருக்குக் கார்டிசால் குறைந்திருந்தது. அனுபவசாலி, கற்றுக்குட்டி என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. 2016இல் வெளியான ஆய்வு இது.

● வரைந்தால் மறக்காது: கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் சொற்களைக் கொடுத்து, சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவும், சிலவற்றைப் படமாகப் போடவும் சொன்னார்கள். எழுதிய சொற்களைவிட, வரைந்த சொற்களே அதிகம் நினைவில் நின்றன. பல சமயம் இரண்டு மடங்குக்கும் மேல். படம் அழகாக இருந்ததா என்பது ஒரு பொருட்டே இல்லை.

● தலைகீழாக வைத்து வரையுங்கள்: அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் வெளியிட்ட புத்தகத்தில் சொன்ன பயிற்சி இது. ஒரு படத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு பார்த்து வரைந்தால், "இது கை, இது மூக்கு" என்ற நினைப்பு விலகி, கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்பது மட்டுமே கண்ணில் படும். படம் முன்னைவிடச் சரியாக வந்து நம்மையே வியக்க வைக்கும்.

● கண் எங்கே இருக்கிறது? முகம் வரையும்போது புதியவர்களில் பெரும்பாலோர் கண்களை நெற்றிக்கருகே ஏற்றிவிடுகிறார்கள். உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் சரிபாதியில் இருப்பதுதான் கண். கண்ணாடி முன் நின்று பென்சிலால் அளந்து பாருங்கள்.

● களிமண்ணின் கைவண்ணம்: பென்சில் கறுப்பாக எழுதுமா, வெளிறி எழுதுமா என்பதைத் தீர்மானிப்பது அதிலுள்ள களிமண். போரினால் இங்கிலாந்துக் கிராஃபைட் கிடைக்காமல் பிரான்ஸ் தவித்தபோது, நிக்கோலா ழாக் கோன்டே என்பவர் கிராஃபைட் பொடியில் களிமண் கலந்து சூளையில் சுட்டு, 1795இல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கடினமான 'ஹெச்', குறைந்தால் மெத்தென்ற 'பி'. கோட்டுக்கு ஹெச்பி, நிழலுக்கு 4பி என இரண்டே பென்சில் போதும், பல மாதம் ஓடும்.

● ரப்பருக்கு முன்னால் ரொட்டி: 1770 வாக்கில் ரப்பர் வரும்வரை, பென்சில் கோட்டை அழிக்க ரொட்டித் துணுக்கைத்தான் பயன்படுத்தினார்கள். தினசரிப் பயிற்சிக்கு இரண்டுமே வேண்டாம். தப்பான கோட்டை அழிக்காமல், பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். எங்கே பிசகியது என்று மறுநாள் தெரியும்.

● தெருவே வகுப்பறை: அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் தொடங்கிய குழு 'அர்பன் ஸ்கெச்சர்ஸ்'. புகைப்படத்தைப் பார்த்து வரைவதில்லை, இடத்திலேயே நின்று நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பது இவர்களின் முதல் விதி. இன்று உலகின் பல நூறு நகரங்களில் கிளைகள் உள்ளன. பொறியாளர், இல்லத்தரசி, ஓய்வுபெற்றவர் என யாரும் சேரலாம்.

ஒசத்தியான நோட்டு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். பழைய டைரியின் காலிப் பக்கம் போதும். பஸ் வரும்வரை, குக்கர் விசில் அடிக்கும்வரை, பத்தே நிமிடம் ஒதுக்குங்கள். எதிரே இருப்பதை வரைந்து, மூலையில் தேதி போடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டிய கட்டாயமில்லை. ஆறு மாதம் கழித்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வராது என்று சொன்னது யார் என்று நீங்களே கேட்பீர்கள். இன்றைக்கே தொடங்குங்கள்!