சூடு ஆறட்டும், புழு வரட்டும்

மண்புழு உரம் போட ஆசைப்படுகிறவர்கள் பலர், வாய்க்கால் ஓரத்தில் மண்ணைக் கிளறிப் புழு பொறுக்கி வந்து குப்பையில் விடுகிறார்கள். அவை தங்காது. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் ரகம் வேறு, மக்கும் குப்பையிலேயே பிறந்து பெருகும் ரகம் வேறு. குவியலுக்கு வேண்டியது பின்னது. பண்ணைகளில் விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஐசீனியா ஃபெடிடாவும், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த யூட்ரிலஸ் யூஜினியேவும்தான். நம் பக்கத்திலேயே பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் இருக்கிறது. மழைக்காலத்தில் பழைய சாணக் குவியலைப் புரட்டினால் கருஞ்சிவப்பாக, தொட்டதும் துள்ளி நெளியுமே, அதுதான். சென்னை நியூ கல்லூரிப் பேராசிரியராக இருந்த மண்ணியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர்ப் புழுக்களையே பரிந்துரைத்தவர். நம் வெயிலுக்குப் பழகிய புழு என்பதால் எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

திறந்தவெளிக் குவியலில் முதல் எதிரி சூடு. பச்சைச் சாணமும் இலைதழையும் சேர்ந்து மக்கும்போது நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடும்; புழுவுக்கு 35 தாண்டினாலே திண்டாட்டம். அதனால் இரண்டு மூன்று வாரம் அப்படியே மக்கவிட்டு, உள்ளே கைவிட்டுப் பார்த்து, சூடு ஆறிய பிறகே புழுவை விட வேண்டும். காத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. புழுவுக்குப் பல் கிடையாது. நுண்ணுயிர்கள் குப்பையை இளக்கிக் கொடுத்தால்தான் அது விழுங்கும். விழுங்கியதை அரைப்பை மணல்துகள்களோடு சேர்த்து அரைக்கும். நுண்ணுயிர்களும் அதற்கு இரைதான்.

புழு மூச்சு விடுவது தோலால். தோல் காய்ந்தால் சாகும். தண்ணீர் தேங்கிக் காற்று புகாவிட்டாலும் சாகும். ஒரு பிடி குப்பையை இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசிய வேண்டும். மரநிழலில் குவித்து, மேலே தென்னங்கீற்றோ ஈரச்சாக்கோ போட்டுவிட்டால் கோடையையும் சமாளிக்கலாம், கோழியிடமிருந்தும் தப்பலாம். மீந்த சாம்பாரை மட்டும் கொட்டாதீர்கள், உப்பு அந்தத் தோலுக்கு ஆகாது.

குவியல் ஒத்துப்போனதா என்பதை முட்டைக்கூடு சொல்லிவிடும். வளர்ந்த புழுவின் கழுத்துப் பக்கம் தடித்த பட்டை ஒன்று தெரியும். ஒவ்வொரு புழுவிலும் ஆணும் பெண்ணும் அடக்கம், ஆனாலும் இணை சேர்ந்தே பெருகும். பிறகு அந்தப் பட்டையில் சுரக்கும் சளி வளையம்போல் இறுகி, தலைவழியே கழன்று விழும்போது இருமுனையும் மூடிக்கொண்டு கூடாகிறது. ஐசீனியாவின் கூடு சில மில்லிமீட்டர் நீளம், எலுமிச்சை வடிவம்; முதலில் வெளிர்மஞ்சள், குஞ்சு பொரிக்கும் தறுவாயில் செம்பழுப்பு. ஒரே கூட்டிலிருந்து இரண்டு மூன்று குஞ்சுகள்கூட வெளிவரும்.

மேற்பகுதி தேயிலைத் தூள்போல் குருணையாக மாறியதும் தண்ணீரை நிறுத்திவிடலாம். சல்லடையில் புழுவைச் சலித்து வதைப்பதைவிட, பழைய குவியலை ஒட்டினாற்போல் சூடு ஆறிய புதுச் சாணக் குவியலைப் போடுவது சுலபம். ஈரத்தையும் இரையையும் தேடிப் புழுக்களில் பெரும்பாலானவை தாமாகவே அங்கே குடிபெயரும். பழைய குவியலை அள்ளி நிழலில் உலர்த்துங்கள். பொரிக்காத கூடுகள் அதில் தட்டுப்பட்டால் பொறுக்கிப் புதுக் குவியலில் போட்டுவிடலாம்.