வெயில் இருந்தது, வழி இல்லை

2023 மே கடைசியிலும் ஜூன் மாதத்திலும் வடக்கு வியட்நாம் கடும் மின்வெட்டில் தவித்தது. வெப்ப அலையில் மின்தேவை எகிறியது. மழை பொய்த்ததால் பெரிய நீர்மின் அணைகள் பலவற்றில் தண்ணீர், மின்னாக்கியைச் சுழற்ற முடியாத மட்டத்துக்கு இறங்கிவிட்டது. மூச்சுவிடாமல் ஓடிய அனல்மின் நிலையங்களும் பழுதாகி நின்றன. உலகின் மின்னணுச் சாதனங்கள் தயாராகும் பாக் நின், பாக் ஸாங் மாகாணத் தொழிற்பேட்டைகளில் இயந்திரங்கள் நின்றன. அந்த மின்வெட்டால் நேர்ந்த இழப்பு சுமார் 140 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. இத்தனைக்கும் அந்த நாடு மின்நிலையங்களைக் கட்டாமல் இருந்த நாடு அல்ல. 2020 முடிவிலேயே சுமார் 16,500 மெகாவாட் சூரிய மின்திறனை நிறுவி, தென்கிழக்கு ஆசியாவில் முதலிடத்துக்கு வந்திருந்தது. நாட்டின் தெற்கிலும் நடுப்பகுதியிலும் சூரியத் தகடுகள் குவிந்துகிடக்க, வடக்கில் விளக்கு எரியவில்லை. வளரும் நாடுகளின் காலநிலைத் திட்டங்கள் எங்கே தடுக்கி விழுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எத்தனை மெகாவாட் நிறுவினோம் என்று எண்ணும் திட்டம் பாதித் திட்டம்தான். அந்த மின்சாரம் எந்தக் கம்பி வழியே, யார் செலவில், யார் வீட்டுக்குப் போகும் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதுவதுதான் முழுத் திட்டம்.

விலை விரைந்தது, கம்பி பின்தங்கியது

வியட்நாம் அரசு 2016இல் திருத்திய மின்திட்டத்தில் 2020க்கான சூரிய மின்சார இலக்கு வெறும் 850 மெகாவாட். மறு ஆண்டு ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வந்தது. 2019 ஜூன் 30க்குள் உற்பத்தியைத் தொடங்கும் நிலையங்களுக்கு யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட் வீதம் 20 ஆண்டுகளுக்கு நிலையான கொள்முதல் விலை. விலை கவர்ச்சியானது, கெடுவோ குறுகியது. நாட்டிலேயே மழை குறைந்த, வெயில் மிகுந்த நின் துவான், பின் துவான் மாகாணங்களை நோக்கி முதலீட்டாளர்கள் படையெடுத்தார்கள். கெடு முடிந்தபோது ஏறத்தாழ 4,500 மெகாவாட் இணைந்திருந்தது. 2020இல் விலையைக் குறைத்து இன்னொரு கெடு வைத்தார்கள். அந்த டிசம்பர் மாதத்தில் மட்டும் 6,000 மெகாவாட்டுக்கு மேல் கூரைச் சூரிய மின்சாரம் இணைந்தது. கூரைக்கு விலை கூடுதல் என்பதால், பண்ணைக் கொட்டகை என்ற பெயரில் தகடு தாங்கவே எழுப்பிய கூரைகளும் அதில் அடக்கம். ஒரே விலை நாடு முழுவதற்கும் என்பதால், எங்கே கம்பி இருக்கிறது, எங்கே தேவை இருக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியம் முதலீட்டாளருக்கு இல்லை. வெயில் எங்கே கூடுதலோ அங்கே போனார்.

அதன் விளைவை நின் துவானின் 110 கிலோவோல்ட் மின்தொடர்களில் பார்க்கலாம். சின்ன ஊர்களுக்கும் வயல்களுக்கும் மின்சாரம் கொண்டுவரப் போட்ட கம்பிகள் அவை. அதே கம்பிகள் எதிர்த்திசையில், நூற்றுக்கணக்கான மெகாவாட்டை வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. 2019 நடுப்பகுதியிலேயே சில தொடர்களில் சுமை, தாங்கும் அளவைப்போல் இரு மடங்கைத் தாண்டும் நிலை வந்தது. அளவுக்கு மீறிச் சுமையேற்றினால் கம்பி சூடாகித் தொய்யும். பாதுகாப்புக் கருவி தொடரைத் துண்டிக்கும். ஒன்று துண்டித்தால் அதன் சுமை அடுத்ததன் தலையில் ஏறும். ஆகவே மின்சுமை பகிர்வு மையம் உற்பத்தியைக் குறைக்க உத்தரவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. உச்சி வெயிலில், தகடு அதிகம் தரக்கூடிய நேரத்தில், நிலையங்கள் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. ஒரு தனியார் நிறுவனம் அங்கே 450 மெகாவாட் நிலையத்தோடு 500 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தையும் தொடரையும் தானே கட்டிக்கொண்டது. அரசு முன்கூட்டிச் செய்ய வேண்டிய வேலை எது என்பதை அந்த நிறுவனத்தின் அவசரம் காட்டிக்கொடுத்தது.

கம்பியின் அருமை தெரியாத நாடல்ல வியட்நாம். போருக்குப் பிறகு தெற்கு மின்பற்றாக்குறையில் வாடியபோது, வடக்கே ஹோவா பின் அணையின் மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோக 1,487 கிலோமீட்டர் நீளத்துக்கு 500 கிலோவோல்ட் தொடரை இரண்டே ஆண்டுகளில் போட்டு முடித்து, 1994இல் இயக்கியது. பிரதமர் வோ வான் கியட் முன்நின்று நடத்திய பணி அது. முப்பது ஆண்டு கழித்துத் தேவை திசை மாறியது. வடக்கு ஏங்கியது, நடுப்பகுதியிலிருந்து வடக்கே போகும் தொடர்களோ ஏற்கெனவே நிரம்பி வழிந்தன. 2023 அடிக்குப் பிறகுதான் குவாங் ட்ராக் முதல் ஃபோ நோய் வரையிலான 519 கிலோமீட்டர் தொடருக்கு வேகம் பிறந்தது. 2024 ஜனவரியில் முழுவீச்சில் தொடங்கி ஆகஸ்டில் முடித்துவிட்டார்கள். செலவு ஏறத்தாழ 22 லட்சம் கோடி டாங்; டாலரில் 90 கோடி அளவு. ஒரு கோடைகால மின்வெட்டின் இழப்பு அந்தத் தொடரின் விலையைவிட அதிகம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தொடர் மட்டுமே அந்த மின்வெட்டு முழுவதையும் தடுத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பிக்குச் செலவழிக்கக் கையிருப்பு இல்லை என்ற வாதம் அந்தக் கணக்கின் முன் நிற்காது.

கம்பிக்கு ஏன் பணம் வருவதில்லை?

சூரிய மின்நிலையத்துக்கு ஒப்பந்தம் உண்டு, மாத வருமானம் உண்டு; வங்கி கடன் தரும். மின்தொடர் பெரும்பாலும் அரசுக் கழகத்தின் சொத்து. அதன் வருமானம் அரசு நிர்ணயிக்கும் கட்டணத்தைப் பொறுத்தது. வியட்நாமில் சில்லறை மின்கட்டணம் 2019 மார்ச் முதல் 2023 மே வரை உயரவே இல்லை. நிலக்கரி விலை உச்சத்தில் இருந்த 2022இல் மட்டும் அரசு மின்சாரக் கழகத்துக்கு 26 லட்சம் கோடி டாங்குக்கு மேல் நட்டம். மேலே சொன்ன 519 கிலோமீட்டர் தொடரின் செலவைவிட இது அதிகம். கடனில் தத்தளிக்கும் கழகத்தால் எதிர்காலத்துக்குக் கம்பி போட முடியாது. இது ஒரு நாட்டின் கதை மட்டுமல்ல. சர்வதேச எரிசக்தி முகமை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, மின்தொகுப்பில் இணைய வரிசையில் காத்திருக்கும் புதுப்பிக்கத்தக்க மின்திட்டங்கள் உலக அளவில் 3,000 கிகாவாட். சீனாவைத் தவிர்த்த வளரும் நாடுகளிலோ மின்தொகுப்பு முதலீடு அண்மை ஆண்டுகளில் சரிந்திருந்தது.

கென்யா இதே பாடத்தை வேறு விலை கொடுத்துக் கற்றது. துர்கானா ஏரிக்கரையில் 365 காற்றாலைகள், 310 மெகாவாட். 2017 தொடக்கத்தில் தயார். அங்கிருந்து சுஸ்வா வரை 428 கிலோமீட்டர் தொடர் போட ஒப்புக்கொண்டது அரசுத் தரப்பு. நிலம் எடுப்பதில் தாமதம்; ஒப்பந்தம் எடுத்த ஸ்பெயின் நிறுவனமும் நொடித்துப்போனது. 2018 செப்டம்பரில்தான் மின்சாரம் பாய்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு யூனிட்கூட வாங்காமலே, ஒப்பந்தப்படி நூற்றுக்கணக்கான கோடி ஷில்லிங் கொடுக்க நேர்ந்தது. காற்று வீசியது, காற்றாலை இருந்தது. மக்கள் பணம் மட்டும் போனது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் அற்பமானவை அல்ல. மின்நிலையம் வருமுன் கம்பி போட்டு, நிலையம் வராமல் போனால் ஏழை நாடு என்ன செய்யும் என்கிறார்கள். நியாயமான அச்சம்தான். அதற்குப் பரிகாரம் பரப்பைக் குறுக்குவது. வெயிலும் காற்றும் நிலமும் ஒத்துவரும் சில மண்டலங்களை அரசே அறிவித்து, அங்கே மட்டும் முதலில் துணைமின் நிலையம் கட்டி, அதன் திறன் அளவுக்கே ஏலம் விட்டால் இரண்டு பக்க இழப்பும் குறையும். மின்கலமும் வீட்டுக் கூரையும் வந்தபின் நெடுந்தொடர் எதற்கு என்பது அடுத்த கேள்வி. மின்கலம் நண்பகல் மின்சாரத்தை இரவுக்குக் கொண்டுபோகும். அது பெரிய உதவி. ஒரு பருவத்தின் வறட்சியை இன்னொரு வட்டாரத்தின் வெயிலால் ஈடுகட்டக் கம்பிதான் வேண்டும். தொழிற்சாலையின் பகல் முழுவதுமான பசியை அதன் கூரை மட்டும் தீர்க்காது. இந்தத் தொல்லையே வேண்டாம், நிலக்கரியே நம்பகமானது என்பவர்களுக்கு 2023 ஜூனில் வடக்கு வியட்நாமில் பழுதாகி நின்ற அனல்மின் நிலையங்களே பதில். இறக்குமதி நிலக்கரியின் விலை அந்தக் கழகத்தை எங்கே தள்ளியது என்பதையும் பார்த்தோம்.

பணக்கார நாடுகள் தராமல் இவ்வளவும் எப்படி நடக்கும் என்ற கேள்வியில் ஆழமான நியாயம் இருக்கிறது. வளிமண்டலத்தை நிரப்பிய கரியமில வாயுவில் பெரும்பங்கு அவர்களுடையது. 2022 டிசம்பரில் வியட்நாமுக்கு அறிவித்த 1,550 கோடி டாலர் உதவியும் பெரும்பாலும் கடன்தான். ஆனால் தொகையை மட்டும் கேட்டால் போதாது. எதற்கு என்பதையும் நாமே சொல்ல வேண்டும். வருமானம் உறுதியான மின்நிலையத்துக்குத் தனியார் பணம் தானாக வரும். தனியார் தயங்கும் தொடருக்கும் துணைமின் நிலையத்துக்கும் சுமை பகிர்வு மையத்துக்கும்தான் மானியமும் மலிவு வட்டிக் கடனும் போக வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சீசன் உச்சத்தில் இருக்கும்போது காற்றாலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவுகளைப் பல ஆண்டுகள் பார்த்தோம். சத்தீஸ்கரின் ராய்கரையும் நம் புகளூரையும் இணைக்கும் 6,000 மெகாவாட் நேர்மின் தொடர், அங்கிருந்து மின்சாரம் வாங்கவும் நம் காற்று மின்சாரம் மிஞ்சும்போது வடக்கே அனுப்பவும் உதவுகிறது. வழி இருந்தால் காற்றுக்கும் விலை கிடைக்கும்.

ஒவ்வொரு நாடும் பாரிஸ் ஒப்பந்தத்தின்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிய காலநிலைத் திட்டம் தர வேண்டும். அந்த ஆவணத்தில் மெகாவாட்டுக்குப் பக்கத்தில் மூன்று பத்திகள் கட்டாயமாக வேண்டும். எந்த ஆண்டில் எத்தனை கிலோமீட்டர் தொடர், அதற்குப் பணம் எங்கிருந்து, நிறுவிய திறனில் உண்மையில் வீடு சேர்ந்த யூனிட் எவ்வளவு. நாடாளுமன்றமும் பத்திரிகைகளும் ஆண்டுதோறும் அந்த மூன்றையும் கேட்க வேண்டும். அவை இல்லாத திட்டத்தை, எத்தனை பெரிய இலக்கு எழுதியிருந்தாலும், திருத்தி எழுதத் திருப்பி அனுப்புவதே சரி.