கோப்பித் தண்ணியும் நமது அரை மணி நேரமும்

"கோப்பியைப் பற்றி எழுத என்ன கிடக்கிறது? சம்பளத்தைப் பற்றி எழுதுங்கள் தலைவரே!" என்று வாசக அன்பர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் உட்கார்ந்து கோப்பி குடிக்கிற நேரமும் சம்பளத்தைப் போலப் பாட்டாளியின் உரிமைதான். ஆகவே இந்த வாரம் கோப்பித் தண்ணியையே எடுத்துக்கொள்வோம்.

சிம்பாங் பூலாயை அறியாதவர் பேராக்கில் குறைவு. ஈப்போவிலிருந்து கோப்பெங் போகிற சாலையில், கேமரன் மலைக்கு ஏறும் பாதை பிரிகிற சந்தி அது. விடிவதற்கு முன்பே அங்குள்ள கோப்பிக் கடைகளில் விளக்கு எரியும். மலையிலிருந்து காய்கறி ஏற்றி இறங்கும் லாரிக்காரர்கள், சுண்ணாம்புக்கல் மலைகளில் கல் உடைக்கப் போகிறவர்கள், தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்கள் என்று கூட்டம் சேரும். இவர்களில் பலர் சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது. லயம் போயிற்று. பால்வாளி போயிற்று. கோப்பித் தண்ணி மட்டும் போகவில்லை!

"அண்ணே, கோப்பி உள்ளே போனாத்தான் மண்டை வேலை செய்யுது" என்று அங்கே சொல்லாத ஆள் இல்லை. இது வெறும் பழக்கமா, இல்லை கோப்பிக்கு உண்மையிலேயே அந்தச் சக்தி உண்டா?

உண்டு. நமது பால்மரத்தை வைத்தே அதை விளக்கிவிடலாம். நாம் கண் விழித்த நேரத்திலிருந்து மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. வெட்டிய மரத்திலிருந்து மங்கில் பால் சொட்டுவதைப் போல. மங்கு நிரம்ப நிரம்ப நமக்கு அசதியும் தூக்கமும் வரும். கோப்பியிலுள்ள கஃபீன் என்ன செய்கிறது? அந்த அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. மங்கு நிரம்புகிற செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. குடித்த கால் மணியிலிருந்து முக்கால் மணிக்குள் கண் தெளிகிறது, கவனம் கூடுகிறது. ஆனால் சொட்டுவது நின்றதா என்றால், நிற்கவில்லை. கோப்பியின் வேகம் இறங்கியதும் சேர்ந்ததெல்லாம் ஒரே அடியாக அடிக்கும். மங்கைக் காலி செய்ய உறக்கம் ஒன்றால்தான் முடியும்.

இன்னொன்று. தினசரி குடிப்பவர் ஒரு நாள் நிறுத்திப் பார்க்கட்டும். 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் தலை வலிக்கும், எரிச்சல் வரும். காலைக் கோப்பி தருகிற தெளிவில் ஒரு பங்கு இந்தத் தலைவலியைத் தீர்ப்பதுதான். கடனை அடைக்கிற சந்தோஷம் மாதிரி.

கவனம் என்பது பால்வெட்டுக்காரருக்குச் சின்ன விஷயமா? குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டோடு எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நானூறு ஐந்நூறு மரம் வெட்ட வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டையைத்தான் சீவலாம். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம். கங்காணியின் வாயில் வசவு. கையும் கண்ணும் கருத்தும் ஒன்றாக வேலை செய்கிற தொழில் இது. இதைப் படிப்பில்லாதவன் வேலை என்று சொன்னவர்கள் ஒரு மரமாவது வெட்டிப் பார்த்திருப்பார்களா? நமது அம்மாமார்கள் விறகடுப்பில் கொதிக்க வைத்த கோப்பியை இரண்டு மடக்கு குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடியது இதற்காகத்தான். பசியாற நேரம் இருக்காது. வெறும் வயிறு, கருப்புக் கோப்பி, பத்து மணி வரைக்கும் அதுதான் துணை.

சரி, கவனத்துக்கு உதவுகிறது. புதிதாக யோசிக்க, கதை எழுத, பாட்டுக் கட்ட, ஒரு சிக்கலுக்கு வழி கண்டுபிடிக்க உதவுமா?

அமெரிக்காவில் ஆர்க்கன்சாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் தார்யா செபெலினா, பால் சில்வியா என்பவரோடு சேர்ந்து இதைச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார். சிலருக்கு 200 மில்லிகிராம் கஃபீன் கொடுத்தார்கள். அதாவது ஒரு கடுமையான கோப்பியின் அளவு. மற்றவர்களுக்குச் சும்மா மாத்திரை. ஒரே ஒரு சரியான விடையுள்ள கேள்விகளைக் கஃபீன் எடுத்தவர்கள் மேலும் நன்றாக விடுவித்தார்கள். விடுகதை அவிழ்ப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புதிய புதிய யோசனைகளைக் கொண்டுவருகிற சோதனையில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. கெடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை!

அப்படியென்றால் கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் யோசனை பிறக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளிடமிருந்து வருகிறது என்பது நமது கருத்து. இதற்குச் சரித்திரமே சாட்சி.

லண்டனில் 1652இல் முதல் கோப்பிக் கடை திறந்தார்கள். ஒரு பென்னி கொடுத்தால் ஒரு கோப்பி. கூடவே செய்தித்தாள், பேச்சு, வாதம். வியாபாரி, எழுத்தாளர், விஞ்ஞானி எல்லாரும் ஒரே பெஞ்சில். அதுவரை காலையிலேயே பீர் குடித்துக்கொண்டிருந்த ஊர் அது. மக்கள் தெளிந்த மண்டையோடு கூடிப் பேசத் தொடங்கியதும் அரசருக்குப் பயம் வந்துவிட்டது. 1675 டிசம்பரில் இரண்டாம் சார்லஸ் மன்னர் கோப்பிக் கடைகளை மூடச் சொல்லி ஆணை போட்டார். ஊரே எதிர்த்தது. சில நாள்களிலேயே ஆணையை வாங்கிக்கொண்டார்! எட்வர்ட் லாயிட் என்பவரின் கோப்பிக் கடையில் கப்பல்காரர்கள் கூடிப் பேசியதிலிருந்துதான் லாயிட்ஸ் என்கிற பெரிய காப்புறுதி நிறுவனம் வளர்ந்தது. (அடிமைக் கப்பல்களுக்கும் அங்கே காப்புறுதி செய்தார்கள். அதற்கு 2020இல் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கோப்பி குடித்தவர் எல்லாரும் நல்லதையே யோசித்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை.)

அவர்கள் யோசித்தார்கள், யார் விளைவித்தது? அந்தக் காலத்துக் கோப்பி ஏமன் நாட்டிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் குடித்த கோப்பியில் ஒரு பங்கு இலங்கை மலைகளில் விளைந்தது. அதைப் பயிரிட்டவர்கள் நமது ஆட்கள். தமிழகத்திலிருந்து கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து போனவர்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. காலப்போக்கில் ஏறக்குறைய அத்தனையும் பாழ். பிறகு தேயிலை வந்தது.

நம் மலாயாவும் அதே கதைதான். இங்கே ரப்பருக்கு முன்னால் கோப்பித் தோட்டங்கள் இருந்ததை இன்றைய பிள்ளைகளில் பலர் அறியார். 1890களில் லிபெரிக்கா கோப்பியை ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். பிரேசில் நாட்டில் விளைச்சல் குவிந்து விலை சரிந்தது. புழுவும் சேர்ந்து இலையைத் தின்றது. அதன் பிறகே துரைமார்கள் ரப்பர் பக்கம் திரும்பினார்கள். கோப்பிச் செடிகளுக்கு நடுவிலேயே ரப்பர்க் கன்று நட்ட தோட்டங்களும் உண்டு. ஆகவே நமது மூதாதையரில் சிலரை இந்த மண்ணுக்கு இழுத்து வந்தது கோப்பிதான். ஆனால் அதை அவர்கள் குடித்தார்களா? அன்றைய கிராமத்து ஏழைக்குக் காலையில் நீராகாரமும் கஞ்சியும்தான். தமிழ்நாட்டில் கோப்பி எப்போது, எப்படி வீட்டுக்குள் நுழைந்தது என்று ஆ.இரா.வேங்கடாசலபதி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். அதன் பெயரே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'.

பயிரிட்டவனுக்கும் பரிமாறியவனுக்கும் நாற்காலி கிடைக்க வெகு காலம் ஆயிற்று. இந்தியாவில் காப்பி வாரியம் நடத்தி வந்த காப்பிக் கடைகளை 1950களில் மூடத் தொடங்கினார்கள். வேலையிழந்த பணியாளர்கள் தெருவில் நின்றார்கள். பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே.கோபாலன் அவர்களிடம், கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்று யோசனை சொன்னார். 1957இல் பெங்களூரிலும் டில்லியிலும், 1958இல் கேரளத்துத் திருச்சூரிலும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் முளைத்தன. இந்தியன் காப்பி ஹவுஸ் என்று இன்றும் நடக்கின்றன. தட்டு ஏந்தியவர்களே முதலாளிகள்! கோப்பியால் பிறந்த யோசனைகளில் நமக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பக்கத்திலேயே ஒன்று சொல்கிறோம். ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். அங்கே நம் பெண்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். காலையில் பத்து நிமிடம், மத்தியானம் பத்து நிமிடம் கோப்பிக்கு விடுவார்கள். "இதுதான் உங்க ரெஸ்ட்டு, வேறே கேக்காதீங்க" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். பெண்கள் கோப்பியை நின்றபடியே ஊதி ஊதிக் குடித்துவிட்டு ஓடுவார்கள். சாயங்காலம் பஸ் வரும் வரை கடையில் உட்காருகிறபோது இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஓர் அக்கா, "பிள்ளையோட பழைய நோட்டு ஒண்ணு இருக்கு, மணியை எழுதி வைப்போமே" என்றார். எந்த நேரம் நிறுத்தினார்கள், எந்த நேரம் திரும்ப மணி அடித்தார்கள் என்று இரண்டு வாரம் எழுதினார்கள். அந்த நோட்டை நம்மிடம் கொண்டுவந்தபோது அதன் மேல் கோப்பிக் கறை இருந்தது. அதைவிடப் பெரிய சாட்சி எதுவும் தேவைப்படவில்லை. நிர்வாகத்தோடு பேச இரண்டு முறை போனோம். அரை மணி கிடைத்தது.

எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் இது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவு, ஒருவரைத் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக்கூடாது என்கிறது. அந்த ஓய்வு 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. 30 நிமிடத்துக்குக் குறைந்த இடைவேளையை ஓய்வென்று கணக்கில் சேர்க்க முடியாது என்றும் அதே பிரிவில் உள்ளது. பத்து நிமிடக் கோப்பி, முதலாளி பிரியப்பட்டுக் கொடுப்பது. அதைக் காட்டி அரை மணியைப் பிடுங்க முடியாது. நிறுத்தாமல் ஓட வேண்டிய வேலை என்றால் எட்டு மணி நேரத்துக்குள் மொத்தம் 45 நிமிடமாவது தர வேண்டும். வாரத்துக்கு 48 மணி என்றிருந்த வேலை நேரமும் 2023 ஜனவரி முதல் 45 மணியாகக் குறைந்திருக்கிறது. உங்கள் இடத்தில் இது நடக்கவில்லையென்றால் சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ சொல்லுங்கள். மணி எழுதிய நோட்டோடு போங்கள்.

இனிக் குடிக்கிற முறைக்கு வருவோம். இதில் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

முதலாவது சீனி. கோப்பிக் கடைக் கோப்பியில் டின் பால் அடியில் இரண்டு விரல் நிற்கிறது. கொட்டையை வறுக்கும்போதே சீனியும் மார்ஜரினும் போட்டு வறுக்கிற வழக்கம் வேறே. (ஈப்போவின் பேர்போன வெள்ளைக் கோப்பிக்குச் சீனி போடாமல் மார்ஜரினில் மட்டும் வறுப்பார்கள், அதனால்தான் நிறம் கம்மி. பிறகு டின் பாலை ஊற்றிவிடுகிறார்கள் என்பது வேறு கதை.) 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. 'கோப்பி ஓ கோசோங்' என்று கேட்டுப் பழகினால் ஒரு மாதத்தில் நாக்கு ஒத்துக்கொள்ளும். முதல் வாரம் கஷாயம் மாதிரிதான் இருக்கும், பொய் சொல்லவில்லை.

பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சாப்பாட்டோடு கோப்பி குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேருவது குறைகிறது. 1983இல் வெளியான ஓர் ஆய்வில் அது 39 விழுக்காடு குறைந்தது. சாப்பிட்டு ஒரு மணி கழித்துக் குடித்தாலும் அதே குறைவு. சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னால் குடித்தபோது குறையவில்லை. இரத்தச் சோகை உள்ள சகோதரிகள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன கணக்குப்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 வரை பயமில்லை. கடுங்கோப்பியானால் கர்ப்பிணிக்கு ஒன்றோடு நிறுத்துவது நல்லது.

எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைக்கு இரவு பதினோரு மணிக்குப் பாக்கெட் கோப்பி கலக்கிக் கொடுக்கிற தாய்மார்களே! உங்கள் ஆசை நமக்குத் தெரியும். ஆனால் குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக் கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. படித்தது மனத்தில் பதிவதே தூக்கத்தில்தான். பிள்ளையைப் படுக்க விடுங்கள். விடியற்காலையில் எழுப்பிக் கொடுங்கள் கோப்பியை.

கடைசியாக இரவு லாரி ஓட்டும் தம்பிகளுக்கு. 1990களில் இங்கிலாந்தின் லப்பரோ பல்கலைக்கழகத்தில் தூக்கக் கலக்கமுள்ள ஓட்டுநர்களை வைத்துச் சோதித்தார்கள். கோப்பி குடித்து உடனே கால் மணி நேரம் கண்ணை மூடியவர்கள், கோப்பி மட்டும் குடித்தவர்களை விட நன்றாக ஓட்டினார்கள். தூங்கி எழுகிற நேரமும் கோப்பி வேலை செய்யத் தொடங்குகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது. மலைப்பாதை இறங்கி வந்து கண் சொருகினால், சந்தியில் லாரியை ஓரங்கட்டி, கோப்பியைக் குடித்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வையுங்கள். பதினைந்து நிமிடம் போதும். முதலாளி ஏன் தாமதம் என்று கேட்டால் இந்தப் பத்திரிகையைக் காட்டுங்கள்.