காளான் பை வெள்ளையாகிவிட்டது, காளான் ஏன் இன்னும் வரவில்லை?

வாழ்வாதார உதவியாகக் கிடைத்த பைகளையோ நீங்களே மரத்தூள் நிரப்பிய பைகளையோ கொட்டிலில் அடுக்கிவிட்டுக் காத்திருக்கிறீர்கள். பை வெள்ளையாகிவிட்டது, ஆனால் ஒரு மொட்டுக்கூட இல்லை. கடன் தவணை நெருங்குகிறது. இந்நிலையில் சிலர் பைகளைக் குப்பைக்கிடங்கில் கொட்டிவிடுகின்றனர். அவசரப்படவேண்டாம். காய்க்கத் தாமதிக்கும் பையில் பெரும்பாலும் காளான் உயிரோடுதான் இருக்கிறது. அதற்கு வேண்டிய ஏதோ ஒன்று கிடைக்கவில்லை. அது எதுவென்று சிப்பிக்காளான் செய்வோர் கீழுள்ள ஒழுங்கில் பார்த்து வாருங்கள்.

1. முதலில் நாட்களை எண்ணுங்கள்

காளான் வித்து இட்ட நாளிலிருந்து பை முழுவதும் வெள்ளை இழை பரவுவதற்கு ஏறக்குறைய 25 முதல் 30 நாட்கள் செல்லும். வித்துப் பழையதாக இருந்தாலோ பை இறுக்கமாக நிரப்பப்பட்டிருந்தாலோ இன்னும் சில நாட்கள் எடுக்கும். பையைச் சுற்றிப் பாருங்கள். அடிப்பகுதியில் மரத்தூளின் நிறம் தெரிந்தால் இன்னும் பொறுங்கள். முழுவதும் வெள்ளையாகித் தொடும்போது இறுகியிருந்தால் மட்டுமே பையைத் திறக்கவேண்டும். திறந்தபின் மொட்டு வர வழமையாக நான்கு முதல் ஏழு நாட்களாகும். இரு வாரங்கள் கடந்தும் வராவிட்டால் அடுத்த விடயங்களைப் பாருங்கள்.

2. கொட்டிலின் சூடு

எமது பகுதிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதுவே. தகரமோ தறப்பாளோ போட்ட தற்காலிகக் கொட்டில் மதியத்தில் அடுப்புப்போல் சூடாகும். இழை பரவும் காலத்தில் காளான் ஓரளவு சூட்டைத் தாங்கும். ஆனால் காய்ப்பதற்கு 20 முதல் 28 பாகை செல்சியஸ் வரையான குளிர்ச்சி நல்லது. வெப்பமானி இல்லாவிட்டால் பகல் ஒரு மணிக்கு உள்ளே சென்று நில்லுங்கள். உங்களுக்கே வியர்த்து மூச்சு முட்டினால் அது காளானுக்கும் கூடாத இடம்.

தகரத்தின் மேல் கிடுகு அல்லது பனையோலை பரப்புங்கள். கொட்டிலை மாமரம் போன்ற நிழல் மரத்தின் கீழ் அமையுங்கள். நிலத்தில் மணல் பரப்பி நனைத்து வையுங்கள். சோளகக் காற்று வீசும் கடும் வெயில் மாதங்களில் பைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மாரிகாலத்தில் கூட்டுவது புத்திசாலித்தனம்.

3. ஈரப்பதன்

மொட்டு வருவதற்குக் காற்றில் 80 முதல் 90 சதவீதம் ஈரப்பதன் வேண்டும். நான்கு புறமும் சாக்குத் தொங்கவிட்டு நனையுங்கள். நாளுக்கு இரண்டு, மூன்று தடவை புகார்போல மெல்லிதாக நீர் தெளியுங்கள். வெயில் நாட்களில் ஒரு தடவை கூட்டலாம். மொட்டு மஞ்சளாகிக் காய்ந்தால் ஈரம் போதாது. கறுத்து அழுகினால் நீர் மொட்டின் மேல் நேரடியாக விழுகிறது. நிலத்தையும் சாக்கையும் நனைப்பதே முக்கியம்.

பயிருக்கு மருந்து அடித்த தெளிகருவியை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். உவர்க் கிணற்று நீரையும் தவிருங்கள். கிணறு அண்மையில் குளோரின் இட்டுச் சுத்திகரிக்கப்பட்டிருந்தால், நீரை வாளியில் ஓர் இரவு திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

4. காற்றும் வெளிச்சமும்

ஈரம் போய்விடும் என்று பயந்து கொட்டிலை முற்றாக மூடிவிடுவதும் தாமதத்துக்குக் காரணமாகும். காளானும் மூச்சு விடுகிறது. அது வெளிவிடும் கரியமிலவாயு உள்ளே தேங்கினால் மொட்டு வராது. வந்தாலும் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும். காலையிலும் மாலையிலும் அரை மணிநேரம் சாக்கைத் தூக்கிவிடுங்கள். வெயில் நேரே படக்கூடாது. ஆனால் உள்ளே நின்று பத்திரிகை வாசிக்கக்கூடிய அளவு வெளிச்சம் இருக்கவேண்டும்.

5. பையின் உள்ளே உள்ள குறை

மேற்சொன்னவை அனைத்தும் சரியாக இருந்தும் காய்க்காவிட்டால் கலவையைச் சந்தேகியுங்கள். 10 கிலோ மரத்தூளுக்கு அரிசித் தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், பயற்றம் மா 100 கிராம், மக்னீசியம் சல்பேற்று 20 கிராம் என்பது வழக்கத்திலுள்ள அளவு. மாமரம், இறப்பர் போன்ற மென்மையான மரங்களின் தூள் நல்லது. மரம் அரியும் ஆலையில் வாங்கும்போது தேக்கு, வேம்பு கலந்த தூளைத் தவிருங்கள்.

நீரின் அளவைக் கையாலேயே அறியலாம். கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கால் நீர் வடியக்கூடாது. கையை விரித்தால் உருண்டை நிற்கவேண்டும். தட்டினால் மூன்று, நான்கு துண்டாக உடையவேண்டும்.

பச்சை அல்லது கறுப்புப் பூஞ்சணம் பிடித்த பையை அன்றே வெளியே எடுத்து, கொட்டிலுக்குத் தூரத்தில் புதையுங்கள். கொட்டிலுக்குள் வைத்து அதைத் திறக்கவேண்டாம். அதில் வந்த காளானை உண்ணவும் வேண்டாம்.

6. இரண்டாம் தடவை தாமதித்தால்

முதல் அறுவடைக்குப்பின் அடுத்தது வர ஏழு முதல் பத்து நாட்கள் செல்லலாம். வெட்டிய காம்பின் மிச்சம் அழுகினால் மொட்டுத் தடைப்படும். எனவே காளானை அடியோடு திருகி எடுங்கள். மிச்சத்தைச் சுத்தமான கரண்டியால் மெல்லச் சுரண்டிவிட்டு நீர் தெளியுங்கள். அடுத்தடுத்த தடவைகளில் விளைச்சல் குறைவது இயல்பு. பை மெலிந்து பாரம் குறைந்தால் அது ஓய்ந்துவிட்டது. அதை வீட்டுத்தோட்டத்துக்குப் பசளையாக இடுங்கள்.

கவனத்திற்கு

பை அவிப்பதற்கான விறகை, கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத காணிகளிலோ காட்டிலோ தேடிச் செல்லவேண்டாம். பிள்ளைகளையும் அனுப்பவேண்டாம். பைகள் காய்க்கவில்லை என்பதற்காக வெளியில் முளைத்த காட்டுக்காளானைப் பறித்துச் சமைக்கவோ விற்கவோ வேண்டாம். அவற்றுள் உயிரைப் பறிப்பவையும் உண்டு.

எந்த மாற்றத்தையும் முதலில் ஐந்து பைகளில் செய்து ஒரு வாரம் பாருங்கள். வித்து இட்ட திகதி, திறந்த திகதி, முதல் மொட்டு கண்ட திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அப்படியும் காய்க்காவிட்டால் அந்தக் கொப்பியையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு உங்கள் கமநல சேவைகள் நிலையத்துக்குச் சென்று விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். பையையும் திகதிகளையும் நேரில் பார்த்தால் அவரால் காரணத்தை விரைவில் கண்டுபிடிக்க முடியும்.