கால் எரிச்சலுக்கு மனநோய் மாத்திரையா? பதற வேண்டாம்... பாதியில் நிறுத்தவும் வேண்டாம்!

சர்க்கரை நோயால் உள்ளங்காலில் தீயாய் எரிச்சல். ஊசி குத்துவது போல வலி. ராத்திரி போர்வை பட்டால்கூட தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதித் தருகிறார். மெடிக்கல் ஷாப்பில் பக்கத்தில் நிற்பவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது மனநோய்க்கு கொடுக்கிற மாத்திரையாச்சே" என்கிறார். அவ்வளவுதான்... "எனக்கு என்ன பைத்தியமா?" என்று மாத்திரையை தூக்கி ஓரமாக வைத்து விடுகிறார்கள். வலி மட்டும் போவதில்லை.

இந்த பயம் தேவைதானா? விவரம் வருமாறு:-

ஒரு மாத்திரை, 2 வேலை

அமிட்ரிப்டைலின், டுலோக்செட்டின் ஆகிய மாத்திரைகள் மனச்சோர்வுக்கு கொடுக்கப்படுபவை என்பது உண்மைதான். ஆனால் நரம்பு வலிக்கும் இவற்றை டாக்டர்கள் பல வருடங்களாக எழுதி வருகிறார்கள். டுலோக்செட்டினுக்கு 2004-ம் ஆண்டிலேயே மனச்சோர்வு, சர்க்கரை நோய் நரம்பு வலி இரண்டுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாள்பட்ட முதுகு வலி, மூட்டு தேய்மான வலிக்கு 2010-ல் அனுமதி வந்தது.

காலில் இருந்து கிளம்பும் வலி, முதுகுத்தண்டு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. அந்த வழியை அடைக்க மூளையும் மேலிருந்து தகவல் அனுப்பும். ரெயில்வே கேட் போட்டு வண்டியை நிறுத்துவது மாதிரி. இந்த வேலையைச் செய்வது செரட்டோனின், நார்அட்ரீனலின் என்ற ரசாயனங்கள். மாத்திரை அவற்றின் அளவைக் கூட்டுகிறது. கேட் நன்றாக மூடுகிறது. வலி குறைகிறது. மனச்சோர்வே இல்லாதவருக்கும் வலி குறைவது இதனால்தான்.

அளவும் வேறு. மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டைலின் 75 மில்லி கிராம், அதற்கு மேலும் தேவைப்படும். வலிக்கு 10 மில்லி கிராமில்தான் ஆரம்பிப்பார்கள்.

எல்லோருக்கும் கேட்குமா?

கேட்காது. இங்கிலாந்தில் சர்க்கரை நோய் நரம்பு வலி உள்ளவர்களுக்கு இந்த 2 மருந்துகளையும், பிரிகாபலின் மருந்தையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022-ல் வெளியானது. ஒரு மருந்து போதாதவர்களுக்கு இன்னொன்றும் சேர்க்கப்பட்டது. 10-க்கு 6.6 ஆக இருந்த சராசரி வலி, 16 வாரத்தில் 3.3 ஆக இறங்கியது. எதில் ஆரம்பித்தாலும் பலன் ஒன்றாகவே இருந்தது. பாதி வலி குறைந்தாலே ராத்திரி தூங்கலாம், காலையில் வேலைக்குப் போகலாம்.

அதேசமயம், 2023-ல் 176 ஆய்வுகளை அலசிய காக்ரேன் அறிக்கை, டுலோக்செட்டினுக்குத்தான் நம்பகமான ஆதாரம் இருக்கிறது, அமிட்ரிப்டைலினுக்கு ஆதாரம் போதாது என்றது. வருடக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தெளிவான ஆதாரம் இல்லை. அதனால்தான் அடிக்கடி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

போட்டதும் வலி நிற்காது. பலன் தெரிய 2 வாரம் முதல் 4 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். 3 நாள் போட்டுவிட்டு "கேட்கலை" என்று விட்டு விடாதீர்கள்.

உஷார்... உஷார்...

* அமிட்ரிப்டைலினால் தூக்கம், வாய் வறட்சி, மலச்சிக்கல் வரலாம். மறுநாள் காலையிலும் தூக்கக் கலக்கம் இருந்தால் வண்டி ஓட்டாதீர்கள். வயதானவர்கள் ராத்திரி எழுந்தால் தடுமாறி விழலாம்.

* டுலோக்செட்டினால் குமட்டல் வரலாம். கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும், அதிகமாகக் குடிப்பவர்களுக்கும் ஆகாது.

* இதய நோய், கண் அழுத்த நோய், சிறுநீர் சரியாகப் போகாத தொல்லை இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். டிரமடால் வலி மாத்திரை போடுபவர்களும் மறைக்காதீர்கள்.

* மனசு வழக்கத்துக்கு மாறாகத் தடுமாறினால், தப்பான எண்ணம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரும். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

இதற்குப் பயந்து கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை தினமும் விழுங்குவதில்தான் பெரிய ஆபத்து. டைக்ளோபினாக் போன்றவை நரம்பு எரிச்சலுக்கு அவ்வளவாக கேட்காது. சர்க்கரை நோயாளிகளின் கிட்னியையும் பதம் பார்த்துவிடும்.

எந்த மாத்திரை போட்டாலும் சர்க்கரையை கட்டுக்குள் வைக்காவிட்டால் நரம்பு இன்னும் கெடும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்காதீர்கள். சீட்டு எழுதிய டாக்டரிடமே, "இது எதுக்கு சார்?" என்று தைரியமாக கேளுங்கள்.